மூப்பர் இல்லாத சபை

1990ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் நாட்கள். வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். செய்தி சேகரிப்பதற்காக நானும் அங்கு போயிருந்தேன். மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர், மணலில் அமர்ந்தபடி தமது இடுப்பில் செருகியிருந்த பொலித்தீன் பையொன்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காணி உறுதி ஒன்று, பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு விவாகப் பதிவுத் துண்டு. உப்புநீர் பட்டு மை கலங்கியிருந்தது. “இதுகள் இருந்தால்தானே தம்பி நாங்கள் ஆட்கள்” என்றார். அந்த வசனத்தை அன்று எழுதிய செய்தியில் சேர்த்தேன். ஆசிரியபீடத்தில் இடம் போதாமல் அது வெட்டுப்பட்டது.

அன்று நடுப்பகலில் வெயில் தாங்காமல் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய ஒல்லாந்தர் தேவாலயத்தின் பக்கம் ஒதுங்கினேன். கோட்டைக்குள் படையினர் இருந்தபடியால் அங்கே செல்ல வழியில்லை. தேவாலய வளவில் ஒல்லாந்த எழுத்துகள் தேய்ந்துபோன கல்லறைக் கற்கள் கிடந்தன. இந்தக் கற்களுக்குக் கீழே கிடப்போர் பெரும்பாலும் கும்பனி அதிகாரிகளும் அவர்களது மனைவியரும் குழந்தைகளுமாகவே இருக்க வேண்டும். அப்படியாயின் இந்த ஆலயத்தில் ஞாயிறு தோறும் கூடிய உள்ளூர் மக்கள் எங்கே? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கே? பசியோடும் அலைச்சலோடும் ஒரு மக்கள் கூட்டம் கரையேறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் இப்படியொரு கேள்வி எழுந்தது பொருத்தமற்றதுதான். ஆனாலும் அது என்னை விட்டு அகலவில்லை.

வரைபடங்களில் இந்த ஆலயத்துக்குப் ‘புனித பேதுரு கேர்க்’ என்று பெயர். கேர்க் என்பது ஒல்லாந்த மொழியில் தேவாலயத்தைக் குறிக்கும் சொல். ஸ்கொட்லாந்துக்காரர் அதையே ‘கிர்க்’ என்பார்கள். கல்வினின் வழிவந்த ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையினருக்குப் புனிதர்களின் பெயரால் ஆலயம் அமைக்கும் வழக்கத்தில் நாட்டமில்லை. கொழும்பிலே அவர்களுடைய பெரிய ஆலயம் வுல்பெண்டால் என்று இடப்பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆகவே பேதுருவின் பெயர் பிற்காலத்தில், பிரித்தானியர் நாட்களில், வந்து ஒட்டியது என்பது என் ஊகம். ஒரு சபையின் சொந்தப் பெயர் தொலைந்து, அதன்பின் வந்தவர்கள் இட்ட பெயர் நிலைத்துப்போவது இந்தக் கடற்கரையில் புதுமையல்ல.

இச்சபை ‘பிரஸ்பிட்டேரியன்’ என்னும் வகையைச் சேர்ந்தது. பிரஸ்பிட்டெரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்பது பொருள். தமிழ் வேதாகமமும் அவ்வாறே பெயர்த்திருக்கிறது. ஆயர்களின் அதிகாரத்தை மறுத்து, சபை மக்களிடையே இருந்து எழும் மூப்பர்களும் குருவானவரும் சமநிலையில் அமர்ந்து சபையை நடத்த வேண்டும் என்பதே இந்த மரபின் உயிர்நாடி. 1541இல் ஜெனீவாவில் ஜோன் கல்வின் வகுத்த ஒழுங்கு அது. 1560இல் ஸ்கொட்லாந்து அதனை ஏற்றது. ஸ்பானிய மன்னனுக்கு எதிராகப் போராடி எழுந்த ஒல்லாந்தர், தம் விடுதலையோடு சேர்த்து அந்த ஒழுங்கையும் தமதாக்கிக்கொண்டார்கள். குருவானவர், மூப்பர், ஏழைகளைப் பராமரிக்கும் உதவிக்காரர் ஆகியோர் கூடும் சபைச் சங்கமே அவர்களுக்கு எல்லாம். மக்களாட்சியின் விதைகளில் ஒன்று இது என்று ஐரோப்பிய வரலாற்றாசிரியர்கள் எழுதுவதில் நியாயம் உண்டு.

ஆனால் இலங்கைக்கு இந்தச் சபை தானாக வரவில்லை. 1602இல் அமைக்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் கப்பலில், அதன் சம்பளப் பட்டியலில், அது வந்தது. 1642 ஒக்டோபர் 6ஆம் திகதி காலியில் அன்ரோனியஸ் ஹோர்ன்ஹோவியஸ் என்ற குருவானவர் நடத்திய ஆராதனையையே இலங்கைச் சீர்திருத்தச் சபையினர் தமது தொடக்கமாகக் கொள்கிறார்கள். கறுவா வாங்கிய அதே கும்பனிதான் குருவானவருக்கும் கூலி கொடுத்தது. அவரை எங்கே அனுப்புவது, எப்போது திருப்பி அழைப்பது என்பதையும் அதுவே முடிவு செய்தது. கொழும்புச் சபைச் சங்கத்தில் மூப்பர்களோடு அரசின் பிரதிநிதி ஒருவரும் ஆணையாளர் என்ற பெயரில் அமர்ந்திருந்தார். ஆயரை நீக்கிய ஆசனத்தில் வியாபாரியை இருத்தியது போன்ற ஏற்பாடு அது.

கற்பிட்டியை ஒல்லாந்தர் கைப்பற்றியது, 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்களிடம் வீழ்ந்ததற்கு அடுத்த ஆண்டில். போர்த்துக்கேயர் காலத்தில் இயேசு சபைக் குருமாரின் சிற்றாலயம் இருந்த இடத்தை ஒட்டி 1667இல் முருகைக்கற்களால் கோட்டை கட்டத் தொடங்கி, 1676இல் முடித்தார்கள். வேதத்தைப் பரப்பவல்ல, கண்டி மன்னனின் கழுத்தை நெரிக்கவே இந்தக் கோட்டை எழுந்தது. களப்புக்கு அப்பாலுள்ள புத்தளம் அப்போது கண்டி இராச்சியத்தின் துறைமுகம். பாக்கும் உப்பும் துணியும் அவ்வழியே தென்னிந்தியாவுக்கும் மலைநாட்டுக்கும் சென்று வந்தன. களப்பின் வாயில் இருந்த கற்பிட்டியைப் பிடித்துக்கொண்டால் புத்தளத்துக்கு ஒரு தோணிகூட அனுமதியின்றிப் போக முடியாது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கரையோரம் முழுவதையும் கண்டி மன்னன் விட்டுக்கொடுக்கும் வரையில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் களப்பு இரண்டு அரசுகளின் எல்லையாக இருந்தது. பின்னால் சொல்லப்போவதற்கு இந்த எல்லை முக்கியமானது.

போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கராகியிருந்த கரையோர மக்களை ஒல்லாந்தர் என்ன செய்தார்கள்? 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை பிறந்துவிட்டது. கத்தோலிக்கக் குருவானவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை. ஆலயங்கள் சீர்திருத்தச் சபைக்கு மாற்றப்பட்டன. கிராமம் தோறும் பாடசாலை, பாடசாலை தோறும் ஓர் உபாத்தியாயர், உபாத்தியாயர் கையில் ஒரு தோம்பு. பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம், மணமக்களுக்கு விவாகம், இறந்தோர் விபரம் யாவும் அந்தத் தோம்பில் ஏற வேண்டும். ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குக் கும்பனியின் உத்தியோகம் இல்லை. சபையில் பதியாத விவாகத்தில் பிறந்த பிள்ளையின் முதுசொம் உரிமை நீதிமன்றில் கேள்விக்குரியது. பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பாத தகப்பனுக்குக் குற்றப்பணம்.

இப்படி நடத்தினால் எண்ணிக்கை ஏறாமல் இருக்குமா? பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒல்லாந்தரின் ஏடுகளில் கிறிஸ்தவர்களாக இருந்தார்கள். கற்பிட்டியிலும் மன்னாரிலும் அதே முறைதான், அதே ஏடுகள்தான். அதே வேளையில் இலங்கை முழுவதிலும் பணியாற்றிய ஒல்லாந்தக் குருவானவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஆண்டுகளும் இருந்தன. அவர்களிலும் தமிழோ சிங்களமோ அறிந்தவர் அரிது. ஒரு குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை பல்லக்கிலோ படகிலோ வருவார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் சொல்லக் கேட்பார். தோம்பில் கையெழுத்திடுவார். போய்விடுவார். மற்றைய நாட்களில் சபை என்பது உபாத்தியாயரும் அவர் கையிலிருந்த ஏடும் மட்டுமே.

உள்ளூர்க் கிராமங்களில் மூப்பர்கள் தெரிவு செய்யப்படவில்லை. சபைச் சங்கம் கோட்டையிலும் பட்டினத்திலும் இருந்தது. அதில் அமர்ந்தவர்கள் கும்பனியின் வெள்ளை உத்தியோகத்தர்கள். மூப்பர்களின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு திருச்சபை, தமிழர் கிராமங்களில் ஒரு மூப்பரையேனும் உண்டாக்காமல் நூற்று முப்பது ஆண்டுகளைக் கழித்தது. இச்சபையின் வரலாற்றை நான் வாசித்த அளவில் என்னை மிகவும் உறுத்திய விடயம் இதுதான்.

இதை உணர்ந்த ஒல்லாந்தர் இல்லாமற் போகவில்லை. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பல்டேயஸ் அவர்களில் தலையாயவர். ஆளுநர் றைக்லொவ் வன் கூன்ஸ், மக்களுக்கு ஒல்லாந்த மொழியைக் கற்பிக்க வேண்டும் என்று நின்றார். ஒரு குருவானவர் சபையின் மொழியைக் கற்பது, ஒரு சபை முழுவதும் குருவானவரின் மொழியைக் கற்பதைவிட எளிது என்பது பல்டேயஸின் வாதம். எவ்வளவு சாதாரணமான உண்மை! ஆனால் சம்பளம் கொடுப்பவரிடம் அதைச் சொல்வதற்குத் துணிவு வேண்டும். ஏழைகளுக்கான சபை நிதியின் மீது யாருக்கு அதிகாரம் என்பதிலும் அவருக்கும் ஆளுநருக்கும் பிணக்கு மூண்டது. அவர் நாடு திரும்பி 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளியிட்ட பெருநூலில் தமிழ் எழுத்துகளின் வரிசையும் இடம்பெற்றிருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்று ஆலயங்களின் சித்திரங்களை இன்றும் நாம் பார்க்க முடிவது அவர் புண்ணியத்தில்தான்.

இனிக் களப்பின் மறுகரைக்கு வருவோம்.

1687இல் கோவாவிலிருந்து ஒரு குருவானவர் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அவர்தான் யோசேப் வாஸ். 2015 ஜனவரி 14இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றிய அவரைத் தேடி ஒல்லாந்தர் வலை விரித்தபோது, 1690இல் அவர் தெற்கே நகர்ந்து புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் கண்டி மன்னனின் மண் அல்லவா? ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லாது. கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு ஒரு குருவானவரைக் காண வேண்டுமானால் களப்பைக் கடந்தால் போதும். காற்றுச் சரியாக இருந்தால் ஓர் இரவுக்குள் போய்ப் பூசை கண்டு திரும்பிவிடலாம். கோட்டைக் காவலாளியின் கண்ணில் அது மீன்பிடிக்கப் போகும் தோணிதான்.

வாஸ் அடிகளும் அவருக்குப் பின்வந்த கோவைக் குருமாரும் எண்ணிக்கையில் ஒல்லாந்தக் குருமாரைவிட அதிகமாக இருக்கவில்லை. பொன்னும் இல்லை, படையும் இல்லை. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். குருவானவர் வராத மாதங்களிலும் ஆண்டுகளிலும் கிராமத்தின் விசுவாசத்தைக் காப்பதற்கு அவ்வூர் மனிதர்களையே நியமித்தார்கள். செபம் சொல்லிக்கொடுக்க ஓர் அண்ணாவியார். ஆலயத்தையும் அதன் காரியங்களையும் கவனிக்க ஒரு மூப்பர். ஆம், மூப்பர்! ஆயருக்கும் பாப்பரசருக்கும் கீழ்ப்பட்ட, மேலிருந்து கீழாக அதிகாரம் இறங்கும் கத்தோலிக்கத் திருச்சபை, நெருக்கடியின்போது மூப்பர்களின் கையில் தன்னை ஒப்படைத்துப் பிழைத்துக்கொண்டது. மூப்பர் ஆட்சியையே கொள்கையாகக் கொண்ட சபை, தோம்பை நம்பியிருந்தது.

அந்தக் காலத்துக் கத்தோலிக்கர் செய்த தந்திரமும் பதிவாகியிருக்கிறது. பிள்ளை பிறந்தால் சீர்திருத்தச் சபையின் உபாத்தியாயரிடம் கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்துத் தோம்பில் பெயரை ஏற்றிவிடுவார்கள். விவாகமும் அங்கேயே. முதுசொம் கெட்டுப்போகக் கூடாதே! பின்னர் இரகசியமாகக் கத்தோலிக்கக் குருவானவர் வரும்போது அவரிடமும் ஆசி பெற்றுக்கொள்வார்கள். காணிக்கு ஒரு சபை, ஆன்மாவுக்கு ஒரு சபை. இவர்களை இரட்டை வேடதாரிகள் என்று ஒல்லாந்தக் குருமார் சலித்துக்கொண்டார்கள். எனக்கோ பொலித்தீன் பையைப் பிரித்துப் பார்த்த அந்த முதியவரின் முகமே நினைவுக்கு வருகிறது. ஆளும் அரசு கேட்கும் காகிதம் இல்லாவிட்டால் தன் பிள்ளை ஆளல்ல என்பதை ஏழை எக்காலத்திலும் அறிந்தே இருந்திருக்கிறான்.

சீர்திருத்தச் சபையின் கணக்கில் வரவே இல்லையென்று எழுதினால் அது அநியாயம். நல்லூரில் 1690இலும் கொழும்பில் 1696இலும் அவர்கள் குருமடங்களைத் திறந்து உள்ளூர் இளைஞர்களைப் போதகர்களாகப் பயிற்றினார்கள். 1730களில் கொழும்பில் அச்சகம் அமைத்தார்கள். இலங்கையில் தமிழ் முதன்முதலாக அச்சேறியது அந்த அச்சகத்திலேதான். இந்தப் பயிற்சியின் உச்சம் பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் பிறந்த கொழும்புச் செட்டிச் சமூகத்தவர். ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபை இலங்கையில் முழுக் குருவானவராக அபிஷேகம் செய்த முதலாவது சுதேசி. தமிழ், கிரேக்கம், எபிரேயம், இலத்தீன், ஒல்லாந்தம் எல்லாம் கற்றவர். 1759இல் கொழும்பில் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு அவர் கைபட்டது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு வந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத காலம் அது. பழைய ஏற்பாட்டையும் மூலமொழியிலிருந்து பெயர்க்கத் தொடங்கி, 1790இல் யாழ்ப்பாணத்தில் இறக்கும் வரை அதிலேயே உழைத்தார். கத்தோலிக்கருக்கு மறுப்பாக அவர் எழுதிய ‘சத்தியத்தின் ஜெயம்’ தமிழில் எழுந்த கண்டன நூல்களின் முன்னோடிகளுள் ஒன்று. மறுபுறத்தில் வாஸ் அடிகளின் தோழர் யாக்கோமே கொன்சால்வேஸ் ‘தேவ அருள்வேத புராணம்’ போன்ற நூல்களை எழுதி, 1742இல் மறைந்திருந்தார். பகைத்துக்கொண்ட இரண்டு சபைகளும் போட்டியிட்டுத் தமிழ் உரைநடையை வளர்த்த கதை தனியே எழுதப்பட வேண்டியது. நாவலர் காலத்துக் கண்டனங்களோடு உரைநடை தொடங்குவதாக நினைப்போர் இந்தப் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம்.

தெ மெல்லோவைப் பற்றி நாம் இவ்வளவாவது அறிந்திருப்பதற்கு ஒரு கற்பிட்டிக்காரரே காரணம் என்பது எனக்கு மனநிறைவு தரும் செய்தி. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்களையும் சாதிகளையும் வழக்கங்களையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1838இல் சட்டநிருபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர் சிவில் சேவையில் சேர்ந்தார். அவர் எழுதி 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சான ‘தமிழ் புளூராக்’ ஏறத்தாழ இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சொல்வது. கம்பரோடும் ஔவையாரோடும் ஒரே நூலில் பிலிப்பு தெ மெல்லோவுக்கும் இடம் கொடுத்தார் காசிச்செட்டி. அடுத்த ஆண்டு அவர் காலமானார். ஒல்லாந்தக் கோட்டையின் நிழலில் வளர்ந்த ஒருவர், ஒல்லாந்தர் விட்டுச்சென்றவற்றுள் பேணத்தக்கது எது என்று நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். அவர் கோட்டையை மதிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புலவர் வரிசையில் ஏற்றியது தெ மெல்லோவைத்தான்.

1795இல் கற்பிட்டிக் கோட்டை பிரித்தானியரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் சரணடைந்தது. சம்பளம் நின்றது. குருமார் பலர் கப்பலேறினர். உபாத்தியாயர்களுக்குப் படி கொடுக்க எவருமில்லை. 1806ஆம் ஆண்டு மே மாதம் ஆளுநர் மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். ஞானஸ்நானம் பெற்றால்தான் உத்தியோகம் என்ற நிலையும் முடிந்தது. அதே ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த குளோடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலேயக் குருவானவர், பெரிய பெரிய ஆலயங்கள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு எழுதினார். யாழ்ப்பாணம் முழுவதற்கும் அவர் கண்ட புரட்டஸ்தாந்துப் போதகர் ஒருவரே. அவரும் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து வந்த கிறிஸ்தியன் தாவீது என்ற தமிழர். ஏட்டில் இருந்த ஒன்றரை இலட்சம் பேர் பத்தே ஆண்டுகளில் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. தத்தம் வீட்டிலேயே இருந்தார்கள். சைவர் தம் கோயிலுக்குப் போனார்கள். கத்தோலிக்கர் தம் கோயிலுக்குப் போனார்கள். தோம்புகள் மட்டும் காப்பகத்துக்குப் போயின.

கற்பிட்டியிலும் அதுவே நடந்தது. ஆலயம் நின்றது, சபை கலைந்தது. தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள தலவில் அன்னம்மாள் திருத்தலத்துக்கு ஆண்டு தோறும் ஓகஸ்ட் மாதத்தில் இலட்சக் கணக்கான யாத்திரிகர் சிங்களமும் தமிழும் பேசிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் பலர் கற்பிட்டிக் கோட்டையையும் பார்த்துவிட்டுப் போவதுண்டு. அருகிலுள்ள கேர்க்கின் பக்கம் திரும்புவோர் சிலரே.

வடக்கில் கதை வேறுவிதமாகத் தொடர்ந்தது. 1816இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிசனரிமார், அந்நாட்டின் கொங்கிறிகேஷனல் சபைகளும் பிரஸ்பிட்டேரியன் சபைகளும் சேர்ந்து தாங்கிய சங்கத்தால் அனுப்பப்பட்டவர்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் கூரை இடிந்து கிடந்த பழைய ஆலயங்களையே அவர்கள் தமது முதல் இருப்பிடங்களாக ஏற்றார்கள். அதே முருகைக்கல் சுவர்கள். ஆனால் இம்முறை அரசாங்க உத்தியோகம் என்ற தூண்டில் அவர்கள் கையில் இல்லை. பள்ளியும் மருந்தும் அச்சகமும் கொண்டு வந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றோர் தொகை சிறிது. ஆனால் அந்தச் சிறு தொகை நிலைத்தது. உள்ளூர்ப் போதகர்கள் அபிஷேகம் பெற்றார்கள், சபை மக்கள் தாமே செலவைத் தாங்கத் தொடங்கினார்கள். 1947இல் அது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. வட்டுக்கோட்டையின் அந்த ஒல்லாந்தர் காலச் சுவர்களுக்குள் இன்றும் தமிழில் ஆராதனை நடக்கிறது. ஒல்லாந்தரின் நேரடி வாரிசான சபையும் அழியவில்லை. கொழும்பு வுல்பெண்டாலைத் தலைமையாகக் கொண்டு, பறங்கியர் சமூகத்தின் சபையாக நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்து, இன்று கிறிஸ்தவச் சீர்திருத்தத் திருச்சபை என்ற பெயரில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழிபடுகிறது. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தபின், எஞ்சிய சபை தன் நாட்டு மக்களிடமிருந்தே மூப்பர்களைத் தேட வேண்டியதாயிற்று. ஒல்லாந்தர் செய்யாமல் விட்டதைக் காலம் செய்வித்தது.

தோம்புகளின் பிற்காலக் கதை ஒரு வேடிக்கை. மதம் மாற்றும் கருவியாக எழுதப்பட்ட அந்த ஏடுகள், இன்று குலமுறை தேடுவோருக்கும் சமூக வரலாற்றாய்வாளருக்கும் பொக்கிஷம். கும்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. இலங்கைத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளவையும் அதில் அடங்கும். தொலைந்துபோன ஊர்ப்பெயர்கள், சாதிப் பட்டங்கள், அடிமைகளாக விற்கப்பட்டோரின் பெயர்கள், இரண்டு வயதில் இறந்த குழந்தையின் பெயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. விசுவாசத்தைப் பதிவதாக எண்ணி எழுதினார்கள். அவர்கள் பதிந்தது மனிதர்களை.

போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து மீண்டும் கற்பிட்டிக்குப் போனேன். இம்முறை உச்சமுனை வரை வள்ளத்தில் சென்றேன். தீபகற்பத்துக்கு வடக்கே, கடலும் களப்பும் சந்திக்கும் பக்கத்தில் மணலும் பற்றையுமான ஒரு துண்டு நிலம். கடற்படங்களில் இப்பகுதி நீர்ப்பரப்புகளுக்கு ‘ஒல்லாந்தர் குடா’, ‘போர்த்துக்கல் குடா’ என்றே இன்றும் பெயர். நிலத்தில் இருப்பவர்களோ இந்த இருவருடைய மொழியையும் பேசாதவர்கள். கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், ஓலைக் குடில்கள், கருவாடு காயும் வாடிகள், ஒரு சிற்றாலயம். குடிநீர்க் கிணறுகளை அவர்கள் காட்டிய விதத்தில் ஒரு பெருமை இருந்தது. சுற்றிலும் உப்பாக இருக்கும் இடத்தில் நன்னீர் கிடைப்பது சொத்துத்தானே.

அந்நாட்களில் கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளை உல்லாசப் பயண வலயமாக்கும் அரசுத் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. ஹோட்டல்களும் கடல் விமானங்களும் வரப்போவதாகச் சொன்னார்கள். காணியை அளப்பதற்கு ஆட்கள் வந்து போயிருந்தார்கள். உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டபோது என்னோடு பேசிய பெரியவர் சிரித்தார். பாட்டனும் பூட்டனும் இந்த மண்ணிலேதான் வலை உலர்த்தினார்கள் என்பதற்குக் கடதாசி எங்கே கிடைக்கும்? அவருடைய பூட்டனின் பூட்டன் பெயர் ஏதேனும் ஒரு ஒல்லாந்தத் தோம்பில், பிழையான எழுத்துக்கூட்டலில், கொழும்பிலே குளிரூட்டிய அறையொன்றில் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நில அளவையாளரிடம் அது செல்லுபடியாகியிராது.

ஆலயக் கதவு திறந்திருந்தது. குருவானவர் எப்போது வருவார் என்று கேட்டேன். “சாமி மாசத்துக்கு ஒருக்கா வருவார் ஐயா. கடல் பொல்லாததென்டால் அதுவும் இல்ல. மத்த ஞாயிறுகளில நாங்களே செபம் சொல்லுவம்” என்றார். திறப்பு யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். தம் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அவர்தான் மூப்பர் என்று வள்ளக்காரத் தம்பி திரும்பி வரும் வழியில் சொன்னான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கற்பிட்டியின் கோட்டைச் சுவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் முன்பே, பின்னாலிருந்து செபமணி கேட்டது.